ரயில் போன பாலம்

"ரயிலே இல்லாத ஊர்ல ரயில் பாலத்துல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போறேன் பாரு."

நான் வட்டவடையிலிருந்து மூணாறு போன ஜீப்பில், வழியில் ஏறிய எஸ்டேட் அம்மா தன் நாத்தனாரிடம் இப்படிச் சொன்னார். மகளுக்குப் பிரசவ வலி என்று மூணாறிலிருந்து போன் வந்திருந்தது. ரோட்டுப் பாலத்தை மழை கொண்டுபோய்விட்டதால், பழைய கல் வளைவு ரயில் பாலத்தின் முன்னால் ஜீப் நின்றது.

"எல்லாரும் இறங்கி நடந்து வாங்க" என்றார் டிரைவர்.

"ஏன் தம்பி, எஞ்சினும் பெட்டி பெட்டியாத் தேயிலையும் போன பாலம். நாங்க இறங்கினா எத்தன கிலோ கொறஞ்சிரும்?"

"பாலத்துக்குப் பயமில்லக்கா, எனக்குத்தான் பயம்."

இறங்கினோம். நாத்தனார் கீழே எட்டிப் பார்த்தார்.

"மதினி, அந்த ரயிலு என்னாச்சு?"

"நூறு வருசத்துக்கு முந்தி ஒரே வெள்ளம். தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாத்தையும் ஆறு அள்ளிட்டுப் போயிருச்சு. மேல ஊருக்கு டாப் ஸ்டேஷன்னு பேரு மட்டும்தான் மிச்சம்."

"இது எப்படி நின்னுச்சு?"

"அதான் தெரியல. ஒரு கம்பி கெடையாது. கல்லக் கல்லுதான் தாங்குது."

ஜீப் மெல்லக் கடந்தது. அந்த அம்மா கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். அக்கரையில் ஹாரன் அடித்தது.

"வா மதினி, மக அங்க தவிச்சுக்கிட்டு இருக்கா. சுவரப் பிடிச்சுக்கிட்டு என்ன பண்ற?"

"வண்டி போறப்ப ஆடுதான்னு பார்த்தேன். சின்ன நடுக்கம்கூட இல்லடி."

ஜீப்பில் ஏறியதும் டிரைவரிடம் சொன்னார்:

"தம்பி, திரும்பி வர்றப்ப பச்சப் புள்ளையோட வருவோம். அப்ப எங்கள இறக்காத. உக்காந்தே வருவோம்."