பெர்னாபேக்கு வராத பழக்கம்

அன்றைய கணக்கை அன்றே எழுதிவிட வேண்டும், ஐயா. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும். இந்தக் குளிர் மலையூர் ஹினோதேகாவில் கேஸ் சிலிண்டர் கடை வைத்திருக்கும் எனக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது? மாலையில் ஷட்டரை இறக்குமுன் காப்பியை ஊற்றிக்கொண்டு உட்காருவேன். எந்த சிலிண்டர் யார் வீட்டுக்குப் போனது, திரும்பி வந்ததில் எது பழுது, எல்லாம் எழுதுவேன். சிலிண்டர் வாயில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். குமிழி வந்தால் கசிவு என்று எழுதி, கம்பெனி வண்டி வரும்வரை தனியாக வைத்துவிடுவேன். என் கடைச் சிலிண்டரால் எந்த வீட்டிலும் ஒரு விபத்துகூட நடந்ததில்லை, போன மாதம் வரை.

பெர்னாபேக்கு இதெல்லாம் கேலி. மினிபஸ் ஓட்டிப் பிழைப்பவன். அவன் மகள் யாமிலெத்துக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் நான்தான். அந்த உறவில் என்னைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவான்.

“என்ன கொமாத்ரே, தும்முனாக்கூட தேதி போட்டு எழுதிருவீங்க போல?”

“நீயும் பஸ்ஸுக்கு ஒரு நோட்டு போடுய்யா. ஆயில் எப்ப மாத்துன, பிரேக் எப்ப பாத்தன்னு தெரிய வேணாமா?”

“அட விடுங்க. எல்லாம் இங்க இருக்கு,” என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவான்.

என் மகள் இடானியா அந்த பஸ்ஸில்தான் நர்ஸ் படிப்புக்குப் போய்வந்தாள். ஒருநாள் மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அவன் கதவைத் திறந்து குதித்துவிட்டான். அவள் உள்ளே இருந்தாள்.

பிரேக்கை எப்போது மாற்றினாய் என்று கோர்ட்டில் கேட்டார்கள். “ஞாபகம் இல்லீங்க,” என்றான். பில் இல்லை, குறிப்பு இல்லை, அலட்சியம் என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. விட்டுவிட்டார்கள். ஒழுங்காக எழுதிவைக்கிறவன் மாட்டிக்கொள்கிறான், எழுதாதவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். கோர்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடவுள் சித்தம், கொமாத்ரே,” என்றான். அந்தக் கையைக் கடித்துத் துப்பியிருப்பேன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அவனைக் கொல்ல நான் நினைத்ததே இல்லை. செத்தவனுக்கு என்ன புரியும்?

யாமிலெத் பிறந்தநாளுக்கு அவர்கள் வீட்டில் நகதமால் அவிப்பார்கள். சோளமாவும் பன்றிக்கறியும் வாழையிலைக்குள் வேக நெடுநேரம் ஆகும். அதற்கான சிலிண்டர் வருடாவருடம் என் பரிசு. முந்தின நாள் அவளே கடைக்கு வந்தாள்.

“இந்தத் தடவையும் உண்டுல்ல?”

“இல்லாமயா கண்ணு? காலைல அடுப்ப யாரு பத்தவைக்கிறது?”

“நான்தான். அப்பா விடியறதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டுப் போயிருவாரு. அம்மா கொல்லையில இலை கழுவிட்டிருப்பாங்க.”

சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. ஞானத்தாய்க்கு இது தெரியாதா? குளிருக்குப் பயந்து சமையலறை ஜன்னலை அடைத்தே வைப்பார்கள் என்பதும் தெரியும். தனியாக வைத்திருந்த சிலிண்டர்களில் ஒன்றைத் துடைத்து, ரிப்பன் கட்டி அனுப்பினேன். மாலையில் வழக்கம்போல் எழுதினேன்: கசிவு உள்ளது, யாமிலெத்துக்கு, பரிசு. உங்கள் மேசையில் கிடக்கிறதே, அந்த நோட்டில்தான். பொய்க் கணக்கு நான் எழுதியதில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து பெர்னாபே கடைக்கு வந்தான். தாடி மண்டியிருந்தது.

“கொமாத்ரே, ஒரு நோட்டு குடுங்க. அவ பேசுனது, சிரிச்சது எல்லாம் மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு. எழுதி வைக்கணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.”

புது நோட்டு ஒன்றை எடுத்து, தேதி எழுத இடப்பக்கம் கோடு போட்டுக் கொடுத்தேன். எப்படி எழுதுவது என்று பொறுமையாகச் சொல்லியும் தந்தேன். இப்போது ஒருநாள் விடாமல் உட்கார்ந்து எழுதுகிறானாம், அவன் மனைவி சொன்னாள். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது, ஐயா. எத்தனை வருடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், அப்போதெல்லாம் ஏறாத பழக்கம். ஞானத்தாய் என்று இருந்ததற்கு அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்லது செய்தாயிற்று.