எரியாத சிவப்பு லைற்

கார் ஓட்டுகிறவர் தன் காரைப் பற்றிச் சொல்லுவதை அப்படியே நம்பக்கூடாது, பொலிஸ் சாஜன் ஐயா. பதினெட்டு வருசம் கராச் வைத்திருந்து நான் படித்தது அவ்வளவுதான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு துணுக்காய்ப் பக்கத்து எங்கள் ஊரில் ஒரேயொரு கார்; மற்றதெல்லாம் டிராக்டர்தான். அந்தக் கார் ஊர் அதிகாரி விதானையார் சிற்றம்பலத்தாருடையது. திறப்பைத் திருகினால் முன்பலகையில் ஒரு சின்னச் சிவப்பு லைற் எரியும். எஞ்சின் ஓடத்தொடங்க அணையும். ஓடும்போதும் எரிந்தால், டைனமோ பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கவில்லை என்று அர்த்தம். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அடுத்த கிழமை சங்கக்கடை வாசலில் நின்று அதையே எனக்கு விளங்கப்படுத்தினார். கூட்டத்தில் ஒருவன், "வடிவாக் கேள் வீரகத்தி, உனக்கும் உதவும்" என்றான்.

அந்த மார்கழியில் புதுக் குளக்கட்டைத் திறந்துவைக்க அரசாங்கக் கச்சேரியிலிருந்து பெரியவர் ஒருவர் வருவதாக இருந்தது. சனிக்கிழமை விதானையார் அவரைக் காரில் ஏற்றி ஊர்வலமாய்க் கொண்டுவருவாராம். சேவிசுக்கு வந்த காரில் டைனமோ வயரைக் கழற்றிவிட்டேன். சிவப்பு லைற் காட்டிக்கொடுத்துவிடும்; அதன் வயரையும் கழற்றினேன். இரண்டு நாள் ஊருக்குள் ஓடினால் பற்றரி இறங்கிவிடும். கார் சந்தியில் நிற்க, கழுத்தில் மாலையோடு அவர் தள்ளுவதை ஊர் பார்க்கும்.

திறப்பைத் திருகியும் லைற் எரியவில்லை என்றால் எங்கோ பிழை. விதானையாரோ, "இப்ப அது எரியிறதே இல்லை, கார் அவ்வளவு சுகம்" என்று சொல்லித் திரிந்தார்.

வெள்ளி மத்தியானம், அடைமழை. குடியேற்றத்து யோகலிங்கத்தின் மனைவி இராசமலருக்குப் பேற்றுவலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டா. வவுனியா ஆசுபத்திரிக்கு நாற்பது மைல், முக்கால்வாசியும் காடு. விதானையார் சோற்றுக் கையோடு எழும்பி வந்தார். அவரிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே கேட்டார்.

"வீரகத்தி, வவுனியா வரைக்கும் போகுமோ?"

பின்சீற்றில் இராசமலர் புருசனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தா. "கெதியாப் பாத்து விடுங்கோ அண்ணை" என்றா.

இரண்டு வயர். ஐந்து நிமிச வேலை. ஆனால் மூடியைத் திறந்தால், கழன்றது எப்படி என்று கேட்பார். பிறகு சங்கக்கடை வாசலில் வருசக்கணக்காய் என் கதைதான் ஓடும்.

"தாராளமாய்ப் போகும்" என்றேன்.

மழைக்குப் போட்ட வைப்பரும் முன்லைற்றும் மிச்சப் பற்றரியையும் குடித்துவிட்டன. கனகராயன்குளத்துக்கு முன்னால், காட்டுக்குள் கார் நின்றது. விதானையாரும் யோகலிங்கமும் இரண்டு மைல் தள்ளினார்களாம். லொறி ஒன்று வந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பெண்பிள்ளை.

கச்சேரிப் பெரியவர் வரவில்லை. மழையாம்.

காரை இழுத்துவந்து என்னிடம்தான் விட்டார்கள். ஆளில்லாத நேரம் பார்த்து இரண்டு வயரையும் பூட்டினேன். செத்தவீடு முடிந்த அன்று விதானையார் வந்து வாங்குப் பலகையில் குந்தினார். தோளில் சால்வை இல்லை.

"லைற் எரியேல்லை எண்டதைப் பாத்தனான். உன்னட்டக் கேட்டிருக்கவேணும். என்ர மடத்தனம்தானே வீரகத்தி அந்தப் பிள்ளையைச் சாக்காட்டினது?"

"ஓம்" என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் காரில் ஏறவில்லை. சங்கக்கடைப் பக்கமும் வரவில்லை. ஒன்பது வருசம் அப்படியே இருந்து, போன மாதம் செத்துப்போனார்.

அந்த ஓம் ஒன்றுதான் ஐயா நான் செய்த குற்றம். அதை எழுதிக்கொள்ளுங்கோ. மற்றதெல்லாம் வெறும் பகிடி, விளையாட்டு.