இந்த ஒரு தேதி மட்டும் உண்மை

மேடையில் வீற்றிருக்கும் டீன் ஐயா அவர்களே, மூத்த பேராசிரியர்களே, அலுவலகத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் சாரின் துணைவியாரான அம்மா அவர்களே, அம்மாவின் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நிகழ்ச்சி நிரலில் நான் ஏழாவதாகப் பேசவேண்டியவள். கெஞ்சிக் கேட்டு இரண்டாவதாக மாற்றிக்கொண்டேன். மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். இந்தக் கல்வியியல் புலத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை நடந்த கூட்டங்களில் எல்லாம் சேர்த்து நான் பேசியது, "ஜன்னலை மூடலாமா?" என்ற ஒரே வாக்கியம்தான். அப்படிப்பட்டவள் ஏன் இன்று முந்திக்கொண்டு வந்து நிற்கிறேன்? அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே அறையில் நான்கு வகுப்புகளை ஒரே ஆசிரியர் சமாளிக்கும் சின்னப் பள்ளிகள் இருக்கின்றன அல்லவா? அந்த ஆசிரியர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை நம் புலத்தில் பதினொரு பேர் சேர்ந்து எழுதியிருக்கிறோம். அதற்கு ஆய்வு நிதி தரும் அறக்கட்டளை நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் கதவைத் திறக்கும். விண்ணப்பம் தயார். அனுப்பவில்லை. பதினொரு பேரும் தங்கள் தங்கள் கணக்கில் நுழைந்து ஒப்புதல் தரவேண்டும். ஆறு பேர் தந்திருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். எல்லாம் முடிந்தபின் கடைசிப் பொத்தானை அழுத்தவேண்டியவர் டீன் ஐயா.

அதற்குக் கடைசித் தேதி இன்று. மாலை ஐந்து மணி. இப்போது மூன்று நாற்பது.

பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள்! பின்வரிசையில் கைதட்டல் வேறு! "அவர் பாணியிலேயே அஞ்சலி செலுத்துறா பாரு" என்று யாரோ சொல்வது மைக் வரைக்கும் கேட்கிறது. இல்லை ஐயா. நான் அஞ்சலி செலுத்த இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

வாசலிலேயே டீன் ஐயாவிடம் சொன்னேன்.

"ஐயா, கடைசித் தேதி இன்னைக்குத்தான்."

"போம்மா. இன்னும் பதினோரு நாள் இருக்கு."

"அறக்கட்டளையோட இணையப் பக்கத்துலயே போட்டிருக்காங்க. பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கேன் பாருங்க."

டீன் ஐயா அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "வெள்ளை மை தடவின அடையாளமே தெரியலையே. நல்ல வேலைப்பாடு. அவருக்கு வாரிசு வந்தாச்சு" என்றார்.

"காலையில ஃபோன் பண்ணியும் கேட்டேன் ஐயா."

"யார் பேசினா? கட்டைக் குரலா?"

"ஆமா ஐயா."

"அது அவரோட மச்சான்மா. போய் உட்காரு."

அம்மாவின் தம்பி அவர்களே, இன்று காலை என்னோடு பேசியது நீங்களா? தலையாட்டுகிறார். இல்லையாம். டீன் ஐயா, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

டீன் ஐயா மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் நம்பாததற்கும் காரணம் உண்டு, நீங்கள் சிரிப்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் காரணம்தான் அதோ மேசையில் படமாக இருக்கிறது. நம் ஆய்வு நிதி ஒருங்கிணைப்பாளர்! பன்னிரண்டு வருடம் இந்தப் புலத்தைத் தூங்கவிடாத மனிதர்! நம் எல்லோருக்கும் கடைசித் தேதி சார்!

அவர் வருவதற்கு முந்தைய ஏழு வருடத்தில் இந்தப் புலத்திலிருந்து நான்கு விண்ணப்பங்கள் போயிருக்கின்றன. நான்கில் மூன்று, தேதி முடிந்தபின் போனவை. நாம் யார்? மாணவன் ஒரு நாள் பிந்திப் பயிற்சித்தாள் கொடுத்தால் ஐந்து மதிப்பெண் வெட்டுகிறவர்கள்! நேர மேலாண்மை என்று ஒரு பாடமே வைத்து நடத்துகிறவர்கள்! அந்தப் பாடத்துக்கான புத்தகத்தையே நாம் பதிப்பகத்துக்குக் கொடுத்தது எட்டு மாதம் தாமதமாகத்தான்.

அவர் வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறை. "ஏன் சார் இந்த அறை?" என்று கேட்டதற்கு, "யார் எந்த வகுப்புக்குப் போனாலும் என் தலைமேலதானே நடந்து போகணும், காலடிச் சத்தத்துல ஆளைச் சொல்லிடுவேன்" என்றாராம். சொன்னபடியே செய்தார். நாம் இறங்கும்போதே கதவைத் திறந்துகொண்டு எதிரே நிற்பார்.

அவர் நடத்திய முதல் நிதி விளக்கக் கூட்டத்தைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? இதே மண்டபம். நாற்பது நாற்காலி. இரண்டு தட்டு நிறைய பிஸ்கட். வந்தவர் ஒருவர். அவரும் கூட்டத்துக்கு வரவில்லை. முதல்நாள் விட்டுப்போன குடையைத் தேடி வந்தார். அவர்தான் மேடையில் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் நம் புள்ளியியல் பேராசிரியர்.

"சார், இங்க ஒரு குடை..."

"உட்காருங்க சார், தேடிடலாம்."

உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது. ஒரு மணி பத்து நிமிடம்! ஒருவருக்கு முன்னால், மைக் வைத்து! "கேள்விகள் இருந்தால் கை உயர்த்தவும்" என்றாராம் கடைசியில். புள்ளியியல் சார் கை உயர்த்தி, "குடை?" என்றார். குடை கடைசித் தேதி சாரின் மேசைக்கு அடியிலேயே இருந்தது. காலால் தள்ளித் தள்ளி ஒளித்து வைத்திருந்தார். வெட்கத்தில் புள்ளியியல் சார் விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. நம் புலத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் ஆய்வு நிதி அதுதான்.

அடுத்து தேதிக்கு வருவோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவரிடமிருந்து சுற்றறிக்கை வரும். எந்த நிதி, யாருக்கு, எந்தக் கருத்தரங்கு, கடைசித் தேதி என்ன. அந்தத் தேதியை அவர் உண்மைத் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே போடுவார். அது தெரியாதவரை எல்லோரும் ஒழுங்காக அனுப்பினோம். தெரிந்தபின்? நாமாகப் பத்து நாள் கூட்டிக்கொண்டோம். அவர் பதினைந்தாக்கினார். நாமும் பதினைந்து கூட்டினோம். அவர் ஒரு வாரம் எட்டு, மறுவாரம் பதினான்கு என்று மாற்றி மாற்றிப் போட்டார். விடுவோமா? புள்ளியியல் சார் உட்கார்ந்து மூன்று வருடச் சுற்றறிக்கைகளை எடுத்து, உண்மைத் தேதிகளோடு ஒப்பிட்டு, வரைபடம் போட்டு ஆசிரியர் அறையில் ஒட்டினார். சராசரிப் பொய் பதினொரு நாள். நிதி எதுவும் வாங்காமல், குறித்த காலத்தில், முழுமையாக இந்தப் புலம் முடித்த ஒரே ஆய்வு அதுதான்!

கடைசித் தேதி சார் அந்த வரைபடத்தின் முன் வந்து நின்றார். அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஏழாவது புள்ளி தப்பு சார். அந்த மாசம் நான் சொன்னது ஒம்பது நாள்" என்று திருத்திவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகுதான் வெள்ளை மை வந்தது. அறக்கட்டளைகளின் அறிவிப்பையே அச்செடுத்து, தேதியில் மட்டும் மை தடவி, மேலே வேறு தேதி எழுதி, நகலெடுத்துக் கொடுத்தார். அதையும் கண்டுபிடித்தோம். அப்புறம் மைத்துனர் வந்தார். அறக்கட்டளை அதிகாரியாக! "இன்னும் உங்க விண்ணப்பம் வரலையே" என்று கட்டைக் குரலில் ஒவ்வொருவருக்கும் ஃபோன். ஐயா, நீங்கள் எங்கள் டீனையே மிரட்டியிருக்கிறீர்கள். அதுவும் இரண்டு முறை.

நம்மில் யாராவது, ஒருவராவது, அறக்கட்டளையின் பக்கத்தைத் திறந்து நேரடியாகத் தேதி பார்த்ததுண்டா? புள்ளியியல் சாரைத் தவிர? அவரும் ஆய்வுக்காகத்தான் பார்த்தார். எதற்குத் திறக்கவேண்டும், அவர்தான் இருந்தாரே! அவர் சொல்லும் தேதியோடு பதினொன்றைக் கூட்டினால் போதுமே! இந்த நிமிடம் டீன் ஐயாவின் மனத்திலும், ஐந்து பேர் மனத்திலும் ஓடுவது அந்தக் கணக்குதான். கடைசிச் சுற்றறிக்கையில் இன்றைய தேதி இருந்தது. கூட்டல் பதினொன்று. ஆக, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பதினொரு நாளும் அவர் என்ன செய்தார் என்று நம் வரைபடத்தில் இல்லை. அலைந்தார். சுற்றறிக்கை அனுப்பிய மறுநாளே ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்து, "நீங்க எழுதுங்க சார், நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கோங்க" என்பார். அவர் இல்லை என்று நினைப்பது சாத்தியமா? பிஸ்கட் உறையைப் பிரிப்பார். அரை மணிக்கு ஒருதரம், "ரெண்டாம் பக்கம் வந்தாச்சா?" என்பார். டீன் ஐயா ஒருமுறை தப்பித்து முடிதிருத்தும் கடைக்குப் போய்விட்டார். அங்கேயும் இவர் போய் நின்றார். ஒரு கன்னத்தில் நுரையோடு டீன் ஐயா போட்ட கையெழுத்து இன்றும் கோப்பில் இருக்கிறது. பக்கத்திலேயே சோப்புக் கறையும் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. எனக்குச் சொல்வதற்குக் கூச்சமாகவும் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன், பார்வையாளர் நேரத்தில் மருத்துவமனைக்குப் போனேன். அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். சார் கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்ததும் கேட்டது, "எத்தனை பேர் ஒப்புதல் குடுத்திருக்காங்க?"

"ஆறு பேர் சார்."

"இந்தத் தடவை நான் தேதியில கை வைக்கலம்மா. அதே தேதிதான்."

நான் சிரித்தேன்.

"நெஜமாத்தான். பத்து நாள் முன்னாடி போட்டா அந்தப் பத்து நாளும் நான் அலையணும்ல? ஒவ்வொரு கதவையும் தட்டணும். படுத்துக்கிட்டே சொன்னா அது வெறும் பொய்."

"சரி சார், சரி சார்" என்று இன்னும் சிரித்தேன். புது உத்தி என்று நினைத்தேன். மருத்துவமனைக் கட்டிலைக்கூட விட்டுவைக்கவில்லையே மனிதர் என்று வியந்தேன். அவரும் சிரித்துவிட்டார். "நம்ப மாட்டியா? நல்லாத்தான் வளர்த்து வெச்சிருக்கேன் உங்களை" என்றார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

இன்று காலை இந்த உரையை எழுத உட்கார்ந்தேன். நல்ல வேடிக்கையாக இருக்குமே என்று அந்தப் பேச்சை எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். தாளில் அது வேடிக்கையாக இல்லை. ஒரு மனிதர் ஒரு விஷயத்தை இரண்டு முறை தெளிவாகச் சொல்கிறார். எதிரே இருப்பவள் சிரிக்கிறாள். அவ்வளவுதான் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அறக்கட்டளையின் பக்கத்தைத் திறந்தேன். இன்றைய தேதி. மாலை ஐந்து மணி.

என் பிரிண்டை நம்பவேண்டாம். என் ஃபோனை நம்பவேண்டாம். நான் சொல்வதைக்கூட நம்பவேண்டாம். முன்வரிசையில் அம்மா இருக்கிறார். அம்மா, இப்படி எல்லோர் முன்னாலும் கேட்பதற்கு மன்னியுங்கள். அந்தச் சுற்றறிக்கையில் இருந்தது உண்மைத் தேதியா? உட்கார்ந்தே சொல்லுங்கள் அம்மா.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். "உண்மைதான். அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சு அனுப்பினேன். தேதியைச் சரியாப் போட்டியான்னு மூணு தடவை கேட்டார். முப்பது வருஷமா ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நேரத்தைச் சொல்லி என்னைக் கிளப்பினவர். அவர் எப்போ பொய் சொல்றார்னு எனக்குத் தெரியாதா?"

மண்டபத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. டீன் ஐயா ஏதோ கேட்கிறார். ஆமாம் ஐயா, ஐந்து. சரியாக ஐந்து. இல்லை ஐயா, கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அன்புள்ளவர்களே, அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இறங்கவேண்டும். சொல்கிறேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து சுற்றறிக்கையை நான் அனுப்புகிறேன். அவரைப்போல் எனக்குப் பொய் சொல்ல வராது. தேதியை உள்ளபடியே போடுவேன். ஆனால் கதவைத் தட்டுவேன். உள்ளே வந்து உட்காருவேன். பேசமாட்டேன், அது எனக்குக் கைவந்த கலை. ஆனால் எழுந்தும் போகமாட்டேன்.

எனக்குப் பின் பேசவேண்டிய ஐந்து பேரும் பொறுத்துக்கொள்ளவேண்டும். உங்கள் உரைகளை ஐந்தரை மணிக்கு ஆற அமரக் கேட்போம். நிகழ்ச்சி நிரலின் முடிவில் இரண்டு நிமிட மௌனம் என்று இருக்கிறது. அதை இப்போதே எடுத்துக்கொள்வோம். கணினி அறை அடுத்த கட்டடத்தில். இங்கிருந்து நடந்தால் சரியாக இரண்டு நிமிடம்.

எழுந்திருங்கள். டீன் ஐயா முன்னால் நடக்கட்டும். அம்மா, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் பேசவேண்டாம்.