பதினோராவது மோடம்

மீரிம்: இன்னும் என்ன யோசனை பார்ட்னர்? ரெண்டு மணிக்குள்ள பிஷ்கெக்குக்கு மோடம் ஆர்டர் ஃபேக்ஸ் போகணும். டிஜிட்டல் பெட்டின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

எர்மெக்: அவசரப்படாதே தாயே. தர்பூசணியா வாங்குறோம், தட்டிப் பார்த்து எடுக்க?

மீரிம்: மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க. நம்மகிட்ட இன்டர்நெட் வாங்கினவங்க பாதிப் பேருக்கு எப்பப் பார்த்தாலும் எங்கேஜ்டு.

எர்மெக்: அதுக்கென்ன, இப்ப இருக்கிற மாதிரியே இன்னும் முப்பது சின்ன மோடம் வாங்கிடுவோம். அலமாரியில இடம் இருக்கே.

மீரிம்: இடமா? டீ கெட்டிலையே தரையில வெச்சிருக்கோம்! அந்தப் பெட்டின்னா ஒரே வயர்ல முப்பது பேர் பேசலாம். வேகமும் கூட.

எர்மெக்: அது படுத்துக்கிச்சுன்னா? முப்பது பேரும் அம்போ. சின்ன மோடம்னா ஒண்ணு போனாலும்...

மீரிம்: ஆமா, ஒண்ணுதான் போகுது! அந்தப் பதினோராவது. வாரம் மூணு தடவை. நீங்க போன் பண்ணுவீங்க, நான் பனியில வேன் பிடிச்சு ஓடி வரணும்.

எர்மெக்: வந்தா சுடச்சுட போர்சோக் பொரிச்சுத் தர்றேன்ல?

மீரிம்: பேச்சை மாத்தாதீங்க. பெட்டி வந்தா எல்லாத்தையும் வீட்டுலேருந்தே பார்த்துக்குவேன். நான் இங்க வரவே வேண்டாம்.

எர்மெக்: ...அதான்.

மீரிம்: எதான்?

எர்மெக்: அதான் வேணாம்ங்கிறேன்.

மீரிம்: ஐயோ... கம்பெனிக்கு மோடம் பாருங்கன்னா...

எர்மெக்: சிரிக்காதே மீரிம். நீ வராத நாள்ல எனக்கு இங்க இருப்பே கொள்ளல. இன்னொண்ணும் இருக்கு... சொன்னா திட்டுவே.

மீரிம்: சொல்லுங்க. திட்டுறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம்.

எர்மெக்: அந்தப் பதினோராவதுக்கு ஒரு கோளாறும் கிடையாது. நான்தான்... டெலிபோன் வயரை உருவிட்டு உனக்கு போன் பண்ணுவேன்.

மீரிம்: வாரம் மூணு தடவையும்?

எர்மெக்: பேனாவைக் கொடு. டிஜிட்டல்னே எழுதிடுறேன். குளிர்ல உன்னை வீணா அலைய விட்டுட்டேன்.

மீரிம்: எனக்குத் தெரியும்.

எர்மெக்: என்ன தெரியும்?

மீரிம்: வயர் விஷயம். நவம்பர்லேருந்தே. நீங்க போனை வெச்சதும் வீட்டு கம்ப்யூட்டர்லேருந்து நம்ம சர்வருக்குள்ள போய்ப் பார்ப்பேன். 'லைன் இல்லை'ன்னு காட்டும். நின்னுபோன மோடம் அப்படிக் காட்டாது.

எர்மெக்: தெரிஞ்சுமா அந்தப் பனியில வந்தே?

மீரிம்: 'வயரைச் சொருகுங்க'ன்னு போன்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரு தடவையாவது சொன்னேனா?