அவர் பெயரைத் தட்டினால் உங்களிடம் வரும் வழி

மருத்துவமனைக் கணினி அறையின் மாண்புமிகு மேலாளரே! இரவென்றும் பகலென்றும் பாராமல் எந்திரங்களின் இரைச்சலுக்கிடையே இருந்து உழைத்த எங்கள் அண்ணனே! பணி ஓய்வு பெறும் இந்நாளில் கனத்த மனத்தோடு உங்கள் முன் இம்மடலைப் படிக்கிறோம்.

உங்கள் பொறுமையைப் புகழ்வதா? பிரிண்டர் பழுதென்று அழைத்தவர்கள் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இந்தக் கட்டடமே அறியும். ஆகவே பொய் எழுதாமல் உங்கள் பொறுப்பைப் புகழ்கிறோம்.

நம் இரத்த வங்கிக்கு நிரல்கள் எழுதியவர் உங்கள் துணைவியார். எந்த வகை இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற விவரமெல்லாம் அவர் பெயர் தாங்கிய கோப்புறையில் இருந்தது. நிரல்களும் அங்கேதான் தேடின. அவர் மறைந்ததும், அவருடைய கணினிக் கணக்கை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மூடினால் அந்தக் கோப்புறையும் போய் இரத்த வங்கி முடங்கும். துக்கம் ஆறாத அந்த வாரத்திலேயே வந்து உட்கார்ந்தீர்கள். கோப்புகளை உங்கள் கோப்புறைக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் அவர் பெயரிலேயே ஒரு லிங்க் போட்டீர்கள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெயர் அது. தேடி வருவதை உங்களிடம் அனுப்பிவைப்பது மட்டுமே அதன் வேலை. விபத்தென்றும் பேறுகாலமென்றும் உயிருக்குப் போராடியவர்களுக்காக நிரல்கள் அவரைக் கேட்டன, நீங்கள் கொடுத்தீர்கள்.

இன்று உங்கள் கணக்கும் மூடப்படுகிறது. கோப்புகளைப் பொதுக் கோப்புறைக்கு மாற்றி, நிரல்களையும் திருத்திவிட்டோம். அந்த லிங்க்கை மட்டும் தொட எங்களுக்கு மனம் வரவில்லை. "புது இடத்துக்குத் திருப்பி விட்டுடலாம் அண்ணா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றோம்.

"வேணாம்ப்பா. அடுத்த தடவ இடம் மாத்தும்போது, இது ஒண்ணு இருக்குன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழசையே காட்டிக்கிட்டு நிக்கும். யாராவது அதுல தேடினா, தீர்ந்துபோன ரத்தத்த இருக்குன்னு சொல்லும். அவ பேரால ஒரு உசுரு போக வேண்டாம்" என்றீர்கள்.

இன்று காலை உங்கள் கையாலேயே அதை நீக்கினீர்கள். நாங்கள் பின்னால் நின்றோம். நிச்சயந்தானா என்றுகூடக் கணினியை இயக்கும் லினக்ஸ் கேட்கவில்லை. அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "வாங்க, டீ குடிக்கலாம்" என்றீர்கள். நாங்கள்தான் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உங்கள் பின்னால் வந்தோம்.

அண்ணனே! நலமோடு நீடு வாழ்க என்று எல்லா மடலிலும் எழுதுவார்கள். நாங்கள் கெஞ்சி எழுதுகிறோம். இனி எங்கள் கணினியில் அவர் பெயரைத் தட்டினால், அப்படி எதுவும் இல்லை என்றே பதில் வரும். அவர் இனி இருப்பது உங்களிடம் மட்டும்தான். நெடுநாள் இருங்கள்.

உங்களைப் பிரிய மனமின்றி,
கணினிப் பிரிவு, இரத்த வங்கிப் பணியாளர்கள்