வீடு இருந்த இடத்தில் தண்ணீர்

– அதான் சொல்றேன் யோரிஸ், அவங்க காலைல திரையை ஏத்திருப்பாங்க, எதிர்ல பாத்தா நம்ம வீடு இல்ல. வீடு இருந்த இடத்துல வெறும் தண்ணி. நெனச்சுப் பாரேன்.

– நெனச்சுப் பாத்துட்டேன். காபி பொங்குது, இறக்கு.

– பதினோரு நாள்டா. ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பிட்டோம்.

– என்னமோ ஊரைவிட்டு ஓடிப்போன மாதிரி பேசற. படகோட அடித்தகட்டைத் தட்டிப் பாக்கப் பட்டறைக்குப் போனோம், ஒரு ஒட்டுப் போட்டாங்க, இப்ப வீட்டுக்குத் திரும்பறோம். ஆம்ஸ்டல் ஆத்துல மிதக்கற வீடுங்க எல்லாம்தான் ஆறு வருஷத்துக்கு ஒருக்கா போகுது.

– அது நமக்குத் தெரியும். எதிர்க்கரைல மூணாவது மாடில இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

– அவங்க, அவங்கங்கற. ஆணா பொண்ணா?

– தெரியாது. நடுவுல எம்பது மீட்டர் தண்ணி கிடக்கு. ஒரு உருவம், ஒரு கை, ஒரு திரை. அவ்வளவுதான் தெரியும்.

– ஆக, என் தங்கச்சி ரெண்டு வருஷமா ஒரு திரைச்சீலையோட குடும்பம் நடத்திட்டிருக்கா.

– சிரி. நல்லா சிரி. காபி கீழ கொட்டப்போகுது, அதையும் பாத்துக்கோ.

– ஏ கண்ணு, ஜன்னல் ஓரத்துல கீற பூத்தொட்டிய உள்ள வை. பாலம் வருது, இடுக்கு பாலம்.

– வச்சுட்டேன் ஓன்னோ அண்ணே. உங்க இழுவைப் படகு இவ்வளவு ஒட்டி வருதே, ஜன்னல் வழியாவே காபி குடுத்துடலாம் போலிருக்கு. வேணுமா?

– குடு. ரெண்டு கட்டி சக்கரை. அப்பால, எந்தப் பக்கம் கரைக்கு? அத்த சொல்லு மொதல்ல. இன்னும் மூணே பாலம். அதத் தாண்டினா ஆறு அகலமாவும், அங்கதான் நான் இத்த திருப்ப முடியும். இருபத்திரண்டு மீட்டர் வீடு, கட்டிலு பீரோவெல்லாம் வச்சு, சைக்கிள் கணக்கா வளைக்க முடியாது.

– திருப்பணும் அண்ணே. எங்கப்பா போட்ட வழக்கம் அது. பட்டறைக்குப் போய் வந்தா முன்ன பின்ன மாத்திக் கட்டணும். வெயில் ஒரே பக்கத்துப் பெயிண்டைத் தின்னக்கூடாது.

– திருப்ப வேணாம் அண்ணே. போனபடியே கட்டுங்க.

– ரெண்டு பேரும் பேசி ஒண்ணா சொல்லுங்க. நான் பாலத்தப் பாக்கறேன்.

– நிங்கே, இது என் முறை. நல்லா தெரிஞ்சே பேசற நீ.

– தெரியும்ண்ணா.

– காரியம் ஆகணும்னா மட்டும் அண்ணா.

– இல்ல, கேளேன். திருப்பிக் கட்டினா என் ஜன்னல் கரைக்கு வந்துடும். நான் பாக்கறது கல்சுவரும் சைக்கிளும்தான்.

– ஆமா. ஆறு வருஷமா நான் அதைத்தான் பாத்தேன். சைக்கிள் சக்கரம், நாயோட பின்னங்கால், செருப்பு. விடியறதுக்கு முன்னாடி ரொட்டிக்கடைக்கு எழுந்து போறவன் நான், பகல்ல தூங்கணும். கண்ணை மூடினா மணி அடிக்கறான். போன மாசம் ஒருத்தர் என் ஜன்னல்ல முகம் பாத்துத் தலை சீவினார். உள்ள நான் படுத்திருக்கேன். சீவி முடிச்சுட்டு எனக்கு வணக்கம் சொல்லிட்டுப் போனார்.

– அதை ஏன் எனக்குச் சொல்லல? நல்லா இருக்கே.

– உனக்கு நல்லா இருக்கும். நீ கண்ணு முழிச்சா வாத்து, படகு, சூரியன்.

– அறையை மாத்திக்கலாம்டா. நீ என் அறைக்கு வா, நான் உன்னோடதுக்கு.

– உன் கட்டில் சுவரோட சேத்து அடிச்சது. நான் அதுல படுத்தா என் கால் சமையலறைல இருக்கும். ரெண்டு மீட்டர் ஆளுக்கு அது கட்டில் இல்ல, தொட்டில்.

– ஐயோ பாரேன், பாலத்துக்குக் கீழ வந்துட்டோம். கூரையைப் பாரு யோரிஸ். தண்ணியோட வெளிச்சம் அப்படியே கூரைல ஓடுது. நம்ம சோபா மேல, அப்பா ஃபோட்டோ மேல, உன் மூக்கு மேல.

– ம்.

– நாம உக்காந்திருக்கோம், ஊரு நகருது. இப்ப பாத்தியா, சமையலறை ஜன்னல்ல ஒரு ரொட்டிக்கடை வந்துச்சு, போயிடுச்சு. ஒரு அம்மா துணி மடிச்சுட்டிருந்தாங்க, நான் கை நீட்டிருந்தா ஒரு ஓரத்தைப் பிடிச்சிருப்பேன். எனக்கு இது கனவா, இல்ல தினமும் ஒரே இடத்துல கட்டிக் கிடக்கோமே அது கனவான்னு தோணுது.

– நீ பேச்சை மாத்தற.

– மாத்தல. அங்கதான் வரேன். அந்த ஜன்னலும் இப்படித்தான் வந்துச்சு. ஒருநாள் காலைல நான் ஜன்னல்ல உக்காந்து சாக்லெட் தூவின ரொட்டி தின்னுட்டிருந்தேன். சும்மா, விளையாட்டா, ரொட்டியைத் தூக்கிக் காட்டினேன். யாருக்குன்னு இல்ல, ஆத்துக்குன்னு வச்சுக்கோயேன். எதிர்ல மூணாவது மாடில ஒரு கை எதையோ தூக்கிக் காட்டுச்சு. மறுநாளும். அதுக்கப்புறம் திரை. ஒருதடவை இறக்கி ஏத்தினா எழுந்தாச்சுன்னு அர்த்தம். ரெண்டு தடவைன்னா வேலைக்குக் கிளம்பறேன். நாங்க உக்காந்து பேசி வச்ச பாஷை இல்ல. தானா வந்துச்சு.

– பாலம் தாண்டி நடந்தா ஏழு நிமிஷம் நிங்கே. போய்க் கதவைத் தட்டி, நான்தான் ரொட்டின்னு சொல்லிருக்கலாமே.

– சொல்லிருக்கலாம். அப்புறம் பேர் தெரிஞ்சிடும். என்ன வேலை, எத்தனை வயசு, எந்தக் கட்சிக்கு ஓட்டுன்னு தெரிஞ்சிடும். இப்ப அவங்க யாரா வேணா இருக்கலாம்ல. எனக்கு அது பிடிச்சிருக்கு.

– அப்ப அதுக்காக நான் இன்னும் ஆறு வருஷம் செருப்பு பாக்கணும்.

– ரெண்டாவது பாலம். பேசி முடிச்சீங்களா?

– இல்ல அண்ணே.

– ம். பேசுங்க, பேசுங்க.

– யோரிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லல. போன வருஷம் ஃபெப்ரவரில நீ க்ரோனிங்கன் போயிருந்தல்ல, அந்தப் பொண்ணு வீட்டுக்கு.

– அந்தப் பொண்ணை எதுக்கு இப்ப இழுக்கற.

– அவளை இழுக்கல. எனக்கு அப்ப காய்ச்சல். நெருப்பு மாதிரி. நாலு நாள் கட்டில்லேர்ந்து எழுந்திருக்கவே இல்ல. அடுப்பு அணைஞ்சு போச்சு, மூட்டக்கூடத் தெம்பில்ல. போன் எங்கயோ சமையலறைல அடிச்சு அடிச்சு அதுவும் செத்துப்போச்சு. அஞ்சாவது நாள் கண்ணைத் திறந்தேன். எதிர்ல அந்தத் திரை ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. நான் எண்ணினேன். பதினஞ்சு தடவை. கொஞ்சம் நின்னுச்சு. மறுபடியும் ஆரம்பிச்சுது. பைத்தியம் பிடிச்ச மாதிரி.

– நீ என்ன பண்ணின?

– ஊர்ந்து போய்க் கயித்தை ஒரு இழுப்பு இழுத்தேன். என் திரை ஒருதடவை இறங்கி ஏறுச்சு. அங்க உடனே நின்னுடுச்சு. அந்த உருவம் ஜன்னல்ல அப்படியே உக்காந்துடுச்சு. இருட்டற வரைக்கும் நகரல.

– போன்ல அடிச்சது நான் இல்ல.

– தெரியும். உன் வேலையா வெளியூர்ல இருந்த. நான் குறை சொல்லல.

– அஞ்சு நாள்ல ஒருதடவைகூட நான் கூப்பிடல, இல்ல?

– விடுடா. காதல்ல இருந்த.

– திரும்பி வந்தப்பவாவது சொல்லிருக்கலாமே.

– நீ சிரிப்பன்னு நெனச்சேன்.

– சிரிச்சிருப்பேன்.

– அதான். இப்ப புரியுதா? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னு இந்த ஊர்ல தெரிஞ்சுக்கிட்டது அந்த ஒரு ஜன்னல்தான். அதுக்குச் சொல்லாம நான் கிளம்பிட்டேன். ஒரு போர்வைல பெரிசா எழுதித் தொங்கவிடணும்னு இருந்தேன், திரும்பி வருவோம்னு. ஓன்னோ அண்ணே ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து கயித்தை அவுத்துட்டார். நான் ராத்திரிச் சட்டையோட நிக்கறேன், படகு நகருது, எதிர்ல திரை இன்னும் ஏறவே இல்ல.

– படகுக்காகப் பாலத்தத் தூக்கித் தெறக்கற நேரத்த நானா கண்ணு போடறேன்? பாலத்துக்காரங்க சொன்னாங்க, வந்தேன்.

– உங்களைச் சொல்லல அண்ணே. காதை அந்தப் பக்கம் வைங்க.

– ஓன்னோ அண்ணே.

– சொல்லு தம்பி.

– திருப்ப வேணாம். போனபடியே கட்டிடுங்க.

– நெசமாவா? பின்னால வந்து மாத்திக் கட்டுன்னா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்.

– நெசமாத்தான். பெயிண்ட் உரிஞ்சா நான் அடிச்சுக்கறேன்.

– யோரிஸ்.

– ஒண்ணும் சொல்லாத. ஜன்னலுக்குத் தடியா ஒரு துணி வாங்கிக்குடு, போதும். தலை சீவறவர் வேற கண்ணாடி பாத்துக்கட்டும்.

– உனக்கு நான் ஒரு வருஷத்துக்குப் பாத்திரம் கழுவறேன்.

– ரெண்டு வருஷம்.

– சரி, ரெண்டு. இரு, திரைக்கயிறு சிக்கியிருக்கான்னு பாக்கறேன். இன்னிக்கு எத்தனை தடவை இழுக்கறது? வந்துட்டேன்னு சொல்றதுக்கு எங்ககிட்ட இன்னும் சொல்லே இல்லையே.

– கடைசிப் பாலம். தாண்டினா உங்க எடம்தான். குந்துங்க, லேசா ஆடும்.

– ஆறு எவ்வளவு பெரிசா ஆயிடுச்சு பாரேன். வெயில்ல தண்ணி பூரா பால் மாதிரி இருக்கு.

– நிங்கே, இங்க வா. முன்பக்கக் கதவுகிட்ட வா.

– என்னடா?

– நம்ம இடத்துல யாரோ நிக்கறாங்க. கயிறு கட்டற இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்துல.

– ஊர் பாக்க வந்தவங்களா இருக்கும். படம் எடுப்பாங்க.

– படகில்லாத இடத்தை எவன் படம் எடுப்பான்? பாரு, டிராம் ஓட்டறவங்க உடுப்பு மாதிரி இருக்கு. நீலம். வயசானவங்களா?

– தெரியல. முடி நரைச்சிருக்கு. நிக்கறது இளசா இருக்கு.

– என்ன பண்றாங்க? விரலை நீட்டி எதையோ எண்றாங்களே.

– எதிர்க்கரையை எண்றாங்க. மாடியை. ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்ப குறுக்க எண்றாங்க. குனியறாங்க பாரு, என் ஜன்னல் இருந்த உயரத்துக்கு. தன் ஜன்னல் அங்கேர்ந்து எப்படித் தெரியும்னு பாக்கறாங்க யோரிஸ்.

– அப்படின்னா...

– அவங்கதான்டா.

– இன்னாப்பா, அப்படியே சேத்துடவா கரைக்கு?

– இருங்க அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க.

– படகு நிக்காது கண்ணு. மெதுவா வேணா போவும்.

– யோரிஸ், இப்படியே கட்டினா என் ஜன்னல் எதிர்க்கரையைத்தான் பாக்கும். அங்க இப்ப யாருமே இல்ல.

– வீட்டுக்குக் கதவுன்னு ஒண்ணு இருக்கு. இறங்கிப் போய்ப் பேசு.

– கதவைத் திறந்தா யார் வேணும்னு கேக்கணும், அவங்க பேரைச் சொல்லணும். திருப்பினா என் ஜன்னல் நேரா அவங்க முன்னாடி போய் நிக்கும். குனிஞ்சா முகம் தெரியும். நான் திரையை ஒருதடவை இறக்கி ஏத்துவேன், அவ்வளவுதான்.

– ஆனா அப்புறம் ஆறு வருஷத்துக்கு அந்த மூணாவது மாடி என் ஜன்னல்ல இருக்கும். உன்னோடதுல இல்ல. நல்லா யோசிச்சுக்கோ, நான் குடுத்ததைத் திருப்பிக் குடுக்கறியா?

– அவங்க நம்மளைப் பாத்துட்டாங்க. ஐயோ, அவங்க கை எங்க வைக்கறதுன்னு தெரியாம நிக்கறாங்க பாரு.

– கண்ணு, சட்டுனு சொல்லு. இன்னும் அம்பதடி போனா என்னால திருப்ப முடியாது.

– ஓன்னோ அண்ணே, யோரிஸ், யாராவது சொல்லுங்களேன், நீங்களா இருந்தா இப்ப எந்தப் பக்கம் கட்டுவீங்க?