கடைசி வரி தெரிகிறதா?

அவையை அடக்கி ஆளும் அன்புத் தலைவர் அவர்களே! அந்தத் தலைவரையே அடக்கி ஆள முதல் வரிசையில் வீற்றிருக்கும் அவருடைய துணைவியார் அவர்களே! அனுபவத்தில் பழுத்த ஆன்றோர்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பூட்டினோமா இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் முதல் வணக்கம்!

"செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சமூக வலைத்தளத்தில் கண்ணைக் கவரும் படம் செய்வது எப்படி?" இதுதான் நம் வணிகர் சங்கம் எனக்குத் தந்த தலைப்பு. இதைக் கேட்டதிலிருந்து என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதோ, மூன்றாவது வரிசையில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், பாருங்கள். ஏன் சிரிக்கிறார்? சொல்கிறேன்.

எங்கள் கடை சின்னது. முன்பக்கம் நான் ஃபிரேம் விற்பேன். திரைக்குப் பின்னால் அவர் கண் பரிசோதிப்பார். போன வருடம் தெருமுனையில் ஒரு பெரிய கடை முளைத்தது. தானாகத் திறக்கும் கதவு! வாசலில் சிரிப்பதற்கென்றே ஓர் ஆள்! எங்கள் கடையில் நாற்காலிகள் காலியாயின. போதாக்குறைக்கு, வேலைக்கு வரச்சொல்லி என் மனைவிக்கே அவர்கள் கடிதம் அனுப்பினார்கள்.

அவர் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை இலவசமா கண் பாப்போம். நாப்பது பேராவது வந்தா இங்கயே இருக்கேன். இல்லேன்னா திங்கக்கிழமை அங்க சேந்துடுறேன். கோவிச்சுக்காதீங்க."

கோபமா? எனக்கு வீரமே வந்தது! கைப்பேசியை எடுத்தேன், படம் செய்யும் செயலியைத் திறந்தேன். மயில்நிறப் பின்னணி கேட்டேன், வந்தது! மின்னும் விழி கேட்டேன், வந்தது! விழிக்குள் விண்மீன் கேட்டேன், அதுவும் வந்தது! நாளையும் நேரத்தையும் வெள்ளி எழுத்தில், நூல் போல மெல்லிசாக, ஒரு மூலையில் ஒதுக்கினேன். வலைத்தளத்தில் போட்டேன், ஐந்நூறு லைக்! நெஞ்சு நிமிர்ந்தது.

வியாழக்கிழமைவரை தொலைபேசியில் அழைத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு. ஒருவர் என் மச்சான். இன்னொருவர் எந்தச் செயலி என்று விசாரிக்க அழைத்தவர்.

மனம் உடைந்து எதிரே இருக்கும் தையல்காரம்மாவிடம் போனேன். "அக்கா, நம்ம படம் பாத்தீங்களா?"

கைப்பேசியைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்தேனே தம்பி! பிரமாதம்! ஹார்ட்டுகூட போட்டேன். ஆமா, யாருக்குப் பொறந்தநாளு?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நான் அழைத்தது யாரை? கண் மங்கியவர்களை! எதில் அழைத்தேன்? கண் நன்றாகத் தெரிகிறவர்களே தேடிப் படிக்கும் எழுத்தில்! இருபது வருடமாகக் கண்ணாடி விற்கும் நான் செய்த வேலை இது!

"குடுங்க இங்க" என்று மனைவி கைப்பேசியை வாங்கினார். அதே செயலி, அதே விரல்சொடுக்கு. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. கண் பரிசோதிக்கும் அட்டை போல மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக. "ஞாயிறு காலை 10 மணி. இலவசக் கண் பரிசோதனை. கடைசி வரி தெரியவில்லையா? வாருங்கள்." அதற்கும் கீழே எறும்பளவில் ஒரு வரி.

"ஒரு பூவாவது வையேன்" என்றேன்.

"பூவ நேர்ல வாங்கிக் குடுங்க" என்றார்.

ஞாயிறு வந்தது. வரிசை வந்தது. அந்தப் பெரிய கடை வாசலையும் தாண்டி வளைந்து வந்தது! என்ன ஐயா கேட்கிறீர்கள்? கைப்பேசியில் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாமா? அப்படிப் பார்த்தவர்களும் வந்தார்கள், பெரிதாக்க வேண்டியிருக்கிறதே என்ற கவலையில்! ஐம்பத்தெட்டுப் பேர்!

தையல்காரம்மாவும் வந்தார். மனைவி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட, சுவரில் ஒட்டியிருந்த அதே படத்தை அவர் படித்துக்கொண்டே இறங்கினார். கடைசி வரியை எழுத்துக்கூட்டினார்: "இதைப் படித்துவிட்டீர்களா? உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம்." உடனே பதறினார்: "ஐயய்யோ, அப்ப எனக்கு வேணாமா?"

அறையே அதிர்ந்தது. அவரும் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஊசியை எடுத்து ஒரே தடவையில் நூலைக் கோத்தார். "ரெண்டு மாசமா இதுக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூப்பிட்டேம்மா. தொழிலே போச்சுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

வணிகத் தோழர்களே! வண்ணம் கேளுங்கள், கருவி தரும்! வடிவம் கேளுங்கள், தரும்! வானத்தையே கேளுங்கள், வளைத்துத் தரும்! ஆனால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதற்குத் தெரியுமா? எதிர்க்கடை அக்கா கைப்பேசியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பார் என்று தெரியுமா? அது உங்களுக்குத்தான் தெரியும். அதை முதலில் சொல்லுங்கள், மயிலையும் விண்மீனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை என் மனைவி பெரிய கடைக்குப் பதில் எழுதினார்: "மன்னிக்கவும். எங்கள் கடையிலேயே ஆள் போதவில்லை." நான் பூ வாங்கிக் கொடுத்தேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மணி அடிக்காமல் இருந்த தலைவருக்கும் நன்றி. எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையின் கடைசி வரியில் என் பெயரைப் போட்டிருக்கிறார்களாம். தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள்... அடடா, இவ்வளவு பேரா! நாளைக் காலை பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும். வணக்கம்!